மாமா கண்டுபிடித்த உயிரினம்

போன சனிக்கிழமை காலை, காபியும் பேப்பருமாக நான் பரம நிம்மதியாக உட்கார்ந்திருந்தபோது, அக்கா பெண் ஒரு காலி ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து எதிரே நின்றாள்.

"மாமா, எனக்குக் கொஞ்சம் அழுக்குத் தண்ணி வேணும்."

ஸ்ரீரங்கத்தில் பிறந்து வளர்ந்த என்னிடம் இதுவரை யாரும் இப்படி ஒரு விண்ணப்பம் போட்டதில்லை. விசாரித்ததில், பி.எஸ்ஸி. விலங்கியல் முதல் வருஷம் சேர்ந்திருக்கும் அவளை, திங்கட்கிழமை லேபுக்குத் தேங்கிய தண்ணீர் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்களாம். குழாய்த் தண்ணீர் ஆகாது. மினரல் வாட்டர் கூடவே கூடாது. பச்சையாகப் பாசி மிதந்தால் ரொம்ப உத்தமம்.

"சந்திர புஷ்கரணியிலே ஒரு பாட்டில் மொண்டுண்டு வரட்டுமா?" என்றேன்.

சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "பெருமாள் தீர்த்தத்திலே பூச்சி இருக்கான்னு பார்க்கப் போறாளா? ரெண்டு பேரும் அப்படியே வெளியிலே நில்லுங்கோ."

ஆகவே கொள்ளிடக் கரைப் பக்கம் ஸ்கூட்டரை விட்டோம். ஒரு வாய்க்கால் ஓரத்தில், எருமை ஒன்று கண்ணை மூடி தியானத்தில் இருந்த இடத்துக்குப் பக்கத்தில், குந்தி உட்கார்ந்து பாட்டிலை முக்கினேன். சைக்கிளில் போன ஒருவர் காலை ஊன்றி நின்றார்.

"கார்ப்பரேஷனா சார்? டெங்கு செக்கிங்கா?"

"இல்லைங்க, படிப்புக்கு."

அவர் என் முன்வழுக்கையை ஒரு தடவை பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

திரும்பும் வழியில், "இதிலே அப்படி என்னம்மா இருக்கும்?" என்று கேட்டேன். "உங்களுக்குப் புரியாது மாமா. நீங்க பி.காம்.தானே" என்றாள்.

இங்கேதான் எனக்கு ரோஷம் வந்தது. இந்தத் தலைமுறைக்குச் சரித்திரம் தெரியவில்லை. தமிழ்நாட்டு உயிரியல் கல்விக்கு அடியேன் ஒரு காலத்தில் கச்சாப் பொருள் சப்ளை செய்தவன்.

* * *

வருஷம் 2006. நான் பி.காம். முதல் வருஷம். தினமும் என்னோடு ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வரும் நண்பன் ஒருவன் விலங்கியல் எடுத்திருந்தான். அவனுக்கு நாங்கள் வைத்த பெயர் பூச்சி. ஒருநாள் காவிரிப் பாலத்தின் மேல் பஸ் போய்க்கொண்டிருக்கும்போது என் காதில் சொன்னான்: "மாப்ள, அடுத்த வாரம் கரப்பான் டிசெக்‌ஷன். ஆளுக்கு ரெண்டு கொண்டுவரச் சொல்லிட்டாங்க. எங்க வீட்ல மருந்தடிச்சுட்டாங்கடா."

வகுப்பில் எத்தனை பேர் என்று கேட்டேன். நாற்பது என்றான். என் தலைக்குள் பொரித்த அப்பளம் மாதிரி ஏதோ படபடவென்று பெரிதாயிற்று. ஆளுக்கு இரண்டு, மொத்தம் எண்பது. ஒன்று இரண்டு ரூபாய். அன்றே சப்ளை ஒப்பந்தம் போட்டுக்கொண்டோம். வாடிக்கையாளரின் நிபந்தனைகள் கடுமை: உயிரோடு இருக்க வேண்டும், பெரிதாக இருக்க வேண்டும், மீசை இரண்டும் முழுசாக இருக்க வேண்டும்.

உற்பத்தி முறை சுலபம். வாயகன்ற பாட்டிலுக்குள் கொஞ்சம் வெல்லம், பிரெட் துண்டு. கழுத்தின் உள்பக்கம் எண்ணெய். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுப் பின்கட்டுச் சாக்கடை மூடி ஓரம் வைத்தால் போதும். உள்ளே விழுந்தவர் எண்ணெயில் வழுக்கி ஏற முடியாமல் அங்கேயே குடியிருப்பார். வகுப்பில் எனக்குப் புரியாத காஸ்ட் அக்கவுன்டிங் அந்த வாரம்தான் புரிந்தது. பாட்டிலில் தானாகச் செத்தது நார்மல் லாஸ். பாட்டி திறந்ததால் ஓடியது அப்நார்மல் லாஸ்.

ஆமாம், பாட்டி திறந்துவிட்டாள். பரணில் ஹார்லிக்ஸ் பாட்டில் இருந்தால் எந்தப் பாட்டிதான் திறக்க மாட்டாள்? அன்று கேட்ட அலறலில் உத்தர வீதியே எழுந்து வந்தது. வீடெங்கும் முப்பத்துச் சொச்சம் என் முதலீடு ஓடிக்கொண்டிருந்தது. விஷயம் தெரிந்ததும் பாட்டி திட்டவில்லை. ஒரு கேள்விதான் கேட்டாள்.

"ஏண்டா, அதை அறுத்துப் பார்த்துதான் அதுக்குள்ளே என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்கணுமா?"

என்னிடம் பதில் இல்லை. நான் வெறும் சப்ளையர்.

* * *

மிச்சம் இருந்த சரக்கை நானே லேபுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கொடுத்துவிட்டுப் பணத்துக்காக ஓரமாக நின்றது தப்பு. பேராசிரியர் பார்த்துவிட்டார்.

"கோட் எங்கே? ஏன் நிக்கிற? உட்காரு."

நான் பி.காம். என்று சொல்ல வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. யாரோ ஒரு கோட்டைத் தோளில் போட்டார்கள். எதிரே மெழுகு ஊற்றிய தட்டு. குளோரோஃபார்மில் மயங்கிய என் சொந்தச் சரக்கு ஒன்று அதில் குப்புறக் கிடந்தது. பக்கத்து ஸ்டூலில் பூச்சி, சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சிறகுகளைப் பிரிச்சு பின் குத்துடா. தட்டுல தண்ணி ஊத்து. ஓரமா வெட்டு. ஆழமாப் போகாதே" என்று கிசுகிசுத்தான்.

வெட்டினேன். கை நடுங்கியது. முதுகுத் தகடுகளை ஒவ்வொன்றாகத் தூக்கினபோது நடுவில் மெல்லிசாக, கண்ணாடி நூல் மாதிரி ஒரு குழாய். அதுதான் இதயமாம். அது லேசாக அசைந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த வயதுவரை இதயம் என்றால் எனக்கு அம்பு துளைத்த சிவப்புப் படம்தான். துடிக்கிற இதயம் ஒன்றை நேரில் பார்த்தது அன்றுதான். காப்பாற்ற வேண்டியதாகவும் தோன்றியது, கண்ணை எடுக்கவும் முடியவில்லை.

பேராசிரியர் என் பின்னால் வந்து நின்றார்.

"கரப்பானுக்கு இதயத்துல எத்தனை அறை?"

பூச்சி முந்திக்கொண்டான். "பதிமூணு சார்." அவன் ரெக்கார்டு நோட்டில் பதிமூன்று அறையும் பென்சிலால் வரைந்து, ஷேடிங் கொடுத்து, பெயர் எழுதித் தயாராக இருந்தது. முந்தின வாரமே சீனியர் நோட்டைப் பார்த்துப் போட்டது. அவன் தட்டில் இருந்த கரப்பானோ இன்னும் வெட்டுப்படவேயில்லை.

அவர் என்னைப் பார்த்தார். "உனக்கு எத்தனை தெரியுது?"

எண்ணினேன். "எட்டு சார்."

பூச்சி என் காலை மிதித்தான். பேராசிரியர் சொன்னார்: "எட்டுன்னே எழுது. மிச்சம் அஞ்சு ஏன் தெரியலைன்னு யோசிச்சு அதையும் எழுது." அப்புறம் பூச்சியின் நோட்டை எடுத்து, அழகான அந்தப் படத்தின் மேல் சிவப்பு மையில் மூலைக்கு மூலை கோடு இழுத்தார். "இது புத்தகத்துக் கரப்பான். உன் கரப்பானை வரைஞ்சு கொண்டா."

பிறகு என் ரெக்கார்டு நோட்டைக் கேட்டார். நான் எழுந்து நின்று, "சார், நான் பி.காம்... சப்ளையர்" என்றேன். லேபே அதிர்ந்தது. அவரும் சிரித்துவிட்டார். ஆனால் துரத்தவில்லை. "பரவாயில்லை, உட்காரு. கணக்குப் பிள்ளைக்கும் எண்ணத் தெரியணும்" என்றார்.

பூச்சி அன்று மாலை ஏழு மணிவரை உட்கார்ந்து மறுபடியும் வரைந்தான். பஸ்ஸில் வரும்போது அவரைத் திட்டிக்கொண்டே வந்தான். அந்தக் கணக்கில் எனக்கு வரவேண்டிய ரூபாய் இன்றுவரை நிலுவை.

* * *

பாட்டி கேட்ட கேள்வியைப் பிற்பாடு பெரிய இடங்களும் கேட்டன.

எங்களுக்கு முந்தின தலைமுறையில் லேப் என்றால் தவளைதான். தவளைக்குக் கெட்ட காலம் லேபில் மட்டும் இல்லை. அதன் காலை வெளிநாட்டில் விரும்பிச் சாப்பிட்டார்கள், நாம் டன் கணக்கில் ஏற்றுமதி செய்தோம். வயல்களில் தவளை குறைய, அது தின்ன வேண்டிய பூச்சிகள் தின்ன ஆளில்லாமல் பெருகும் என்ற கவலை வந்து, 1987இல் தவளைக்கால் ஏற்றுமதியை மத்திய அரசு தடை செய்தது. வகுப்பறைகளில் அறுப்பது அதற்குப் பிறகும் தொடர்ந்தது. 2011இல் பல்கலைக்கழக மானியக் குழு, விலங்கியல் படிப்புகளில் டிசெக்‌ஷனைப் படிப்படியாகக் குறைக்க வழிகாட்டுதல் கொடுத்தது. 2014இல் அடியோடு நிறுத்தச் சொல்லிவிட்டது.

இதில் நம் திருச்சிக்கு ஒரு பங்கு உண்டு என்பது திருச்சிக்காரர்களுக்கே அதிகம் தெரியாது. பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில், உயிரியல் கல்வியில் விலங்குகளுக்கு மாற்று தேடுவதற்கென்றே மகாத்மா காந்தி-டோரன்காம்ப் மையம் என்று ஒன்று ஏற்பட்டது. பேராசிரியர் எம்.ஏ. அக்பர்ஷா அதன் இயக்குநராக இருந்தார். கம்ப்யூட்டரிலும் மாதிரி உருவங்களிலும் சொல்லிக்கொடுக்க முடிந்ததற்காக உயிரைக் கொல்வானேன் என்பது அவர்கள் வாதம். பாட்டி இருந்திருந்தால் உறுப்பினர் சந்தா கட்டியிருப்பாள்.

நியாயம்தான். நாற்பது பேர் நாற்பது கரப்பானை அறுத்து முப்பத்தொன்பது பேர் சீனியர் நோட்டைக் காப்பியடிப்பதற்கு, அந்தக் கரப்பான்கள் சாக்கடையிலேயே சுகமாக இருந்திருக்கலாம். ஆனாலும் எனக்கு ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது. அறுப்பது போனால், கையால் படிப்பதும் சேர்ந்து போய்விடுமா? எல்லாம் திரையில் தெரிந்தால், எட்டு தெரிகிறவன் எட்டு என்று சொல்லும் சந்தர்ப்பம் எப்போது வரும்? திரையில் எப்போதும் பதிமூன்றுதானே தெரியும்?

இந்தக் கவலை ஏன் எனக்கு என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது.

* * *

மூன்று வருஷம் முன்னால் அப்பாவுக்குக் காய்ச்சல். நான்காம் நாள் ரத்தம் எடுத்தார்கள். மெஷின் ரிப்போர்ட்டில் பிளேட்லெட் 38 ஆயிரம். ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டிய சமாச்சாரம். அட்மிட் செய்யுங்கள், ரத்தம் ஏற்ற வேண்டி வரலாம், ஆள் தயார் செய்து வையுங்கள் என்றார்கள். ராத்திரி பத்து மணி. அம்மா சுவாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். நான் பையில் இருந்த ஏ.டி.எம். கார்டுகளை எண்ணினேன்.

அப்போது ஞாபகம் வந்தவன் பூச்சி. டிகிரி முடித்து, லேப் டெக்னீஷியன் படிப்பும் படித்து, ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலையில் இருந்தான். போனில் சொன்னேன். "அப்பா உடம்புல எங்கயாவது ரத்தக் கசிவு, சிவப்புப் புள்ளி?" என்றான். இல்லை என்றேன். "நானே வரேன் மாப்ள."

வந்தான். விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தை நேராகக் கண்ணாடிச் சில்லில் வைத்து, இன்னொரு சில்லைச் சாய்த்துப் பிடித்து ஒரே இழுப்பு. நாக்கு மாதிரி மெல்லிசாகப் படிந்தது. ஊதாமூடிக் குழாயில் ஏற்கெனவே எடுத்திருந்த ரத்தத்திலும் ஒன்று இழுத்தான். இரண்டையும் கொண்டுபோய்ச் சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தான். ஒரு மணி நேரம் கழித்துப் போன் வந்தது.

"மாப்ள, பிளேட்லெட் குறையலடா. அந்தக் குழாய்ல கொத்துக் கொத்தா ஒட்டிக்கிட்டு நிக்குது. மெஷின் கொத்தை எண்ணாது. விரல்ல எடுத்ததுல நிறையவே தெரியுது."

விஷயம் இதுதான். ஊதாமூடிக் குழாயில் ரத்தம் உறையாமல் இருக்க ஈ.டி.டி.ஏ. என்ற ரசாயனம் இருக்கிறது. ஒரு சிலருடைய ரத்தத்தில் மட்டும், அந்த ரசாயனம் பட்டதும் பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். தனித்தனியாக இருப்பதை எண்ணும் மெஷினுக்குக் கொத்து தெரியாது, குறைவு என்று அச்சடித்துவிடும். மெஷின் மேல் தப்பில்லை, அதற்குத் தெரிந்ததை அது சொன்னது. மறுபடி சிட்ரேட் போட்ட நீலமூடிக் குழாயில் எடுத்துப் பார்த்ததில் கணக்கு ஒரு லட்சத்து எழுபதாயிரத்துக்கு மேல் வந்தது. டாக்டரும் ஸ்லைடைப் பார்த்துத் தலையாட்டினார். அப்பா மூன்றாம் நாள் ரசம் சாதம் கேட்டார்.

(அவசரப்பட்டு யாரும் ரிப்போர்ட்டைக் கிழித்துப் போட வேண்டாம். டெங்குவில் பிளேட்லெட் நிஜமாகவே குறையும். எது எது என்று டாக்டர் சொல்ல வேண்டும், வாராந்தரிப் பத்திக்காரன் சொல்லக் கூடாது.)

நன்றி சொன்னபோது பூச்சி கூச்சப்பட்டான். "ரிப்போர்ட்ல இருக்கறதை அப்படியே ஒப்பிச்சிருக்கலாம் மாப்ள. ஆனா ஸ்லைடு போட்டா எனக்கு அந்தச் சிவப்புக் கோடுதான் ஞாபகம் வரும். பார்த்ததைத்தானே எழுதணும்?"

பதினாறு ரூபாயை அன்றே வாராக்கடனில் எழுதித் தள்ளிவிட்டேன்.

* * *

சரி, வாய்க்கால் தண்ணீருக்கு வருவோம். பாட்டிலை முற்றத்தில் வைத்துவிட்டு அக்கா பெண் பையிலிருந்து காகிதத்தில் செய்த ஒரு வஸ்துவை எடுத்தாள். கல்யாணப் பத்திரிகையை மடித்த மாதிரி இருந்தது. ஃபோல்ட்ஸ்கோப்பாம். கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்து அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் பேராசிரியராக இருக்கும் மனு பிரகாஷும் அவர் மாணவரும் உண்டாக்கி 2014இல் வெளியிட்ட காகித மைக்ராஸ்கோப். குட்டியாக ஒரே லென்ஸ், 140 மடங்கு பெரிதாகக் காட்டும்.

ஒரே லென்ஸ் என்றதும் அவளுக்கு நான் ஒரு தகவல் சொன்னேன். நெதர்லாந்தில் டெல்ஃப்ட் என்ற ஊரில் லேவன்ஹூக் என்று ஒருவர். நம் சின்னக்கடை வீதி மாதிரி ஒரு வீதியில் துணிக்கடை. காலேஜ் வாசலை மிதித்ததில்லை. தானே தேய்த்த குட்டி லென்ஸ் ஒன்றால் 1674இல் ஏரித் தண்ணீரைப் பார்த்து, அதில் உயிர்கள் நீந்துவதைக் கண்டு லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார். அவருக்கு முன்னால் அதைப் பார்த்ததாகச் சொன்னவர் கிடையாது. "ஆகவே, இந்தத் துறையை ஆரம்பித்ததே எங்க காமர்ஸ் ஆளுதான்" என்று முடித்தேன்.

"சரி மாமா, அப்ப நீங்களே முதல்ல பாருங்கோ" என்று நீட்டினாள்.

ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன். முதலில் என் இமை முடிதான் தெரிந்தது. அப்புறம் பச்சை நாடா சுருள் சுருளாக ஓடும் கண்ணாடிக் குழாய்கள், பாசியாம். குறுக்கே செருப்பு வடிவத்தில் ஒன்று உருண்டுகொண்டே விர்ரென்று போயிற்று. "பரமீசியம் மாமா! நிக்கவே நிக்காது. கொஞ்சம் பஞ்சைப் பிச்சுப் போட்டா வேலி மாதிரி மாட்டிக்கும்" என்று சொல்லி, அதேபோல் செய்தாள். பஞ்சு இழைகளுக்கு நடுவில் அது முட்டி, பின்வாங்கி, திரும்பி, வேறு வழி பார்த்தது. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் சாயங்காலம் ஆறு மணிக்கு நான் செய்வது அதேதான். எந்த உயிரையும் அறுக்கவில்லை. ஆனால் கை நனைந்திருந்தது, கண் வலித்தது, எங்கள் இருவருக்கும் மத்தியானச் சாப்பாடு மறந்துபோயிருந்தது. என் சந்தேகத்தில் முக்கால்வாசி அந்த முற்றத்திலேயே தீர்ந்தது. கத்தி போனதில் நஷ்டமில்லை. சொந்தக் கண்ணால் பார்க்க வைக்கும் ஆசிரியர் இருந்தால் சரி.

அப்போதுதான் அதைக் கண்டேன். மிகச் சரியான வட்டம். கறுப்பாகத் தடித்த விளிம்பு. உள்ளே பளபளவென்று வெளிச்சம். இத்தனை அழகான உயிரினத்தை நான் எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை. "கண்டுபிடிச்சுட்டேன்!" என்று நான் கத்தியதில் அம்மா கரண்டியோடு ஓடி வந்தாள்.

அக்கா பெண் வாங்கிப் பார்த்தாள். ரொம்ப மரியாதையாகச் சொன்னாள்.

"மாமா, அது காத்து. கவர் ஸ்லிப்பைச் சாய்ச்சு மெதுவா இறக்கலைன்னா குமிழி மாட்டிக்கும்."

திங்கட்கிழமை ரெக்கார்டு நோட்டைத் திருத்தி வாங்கி வந்தாள். பாசி, பரமீசியம், பஞ்சு இழை எல்லாம் பார்த்தபடியே வரைந்திருந்தாள். மூலையில் தடித்த விளிம்போடு ஒரு வட்டம். பக்கத்தில் கொட்டை எழுத்தில்: 'காற்றுக் குமிழி'.

அதற்கு நேரே சிவப்பு மையில் பேராசிரியர் ஒரு டிக் போட்டு, கீழே எழுதியிருந்தார்: 'சரியான கவனிப்பு.'

மார்க்கில் பாதி எனக்கு என்று சொல்லியிருக்கிறேன்.